காத்திவாக்கத்தில் ஈடிலிஷியன்

அத்தியாயம் 5

தேசப்பன் மூன்றாவது நோட்டீஸை மேஜைமேல் வைத்தபோது அவர் கை நடுங்கியது. வால்டரின் கையிலிருந்த சமோசா நடுங்கவில்லை. முதல் இரண்டு நோட்டீஸையும் அவன் ஏற்கெனவே படித்துவிட்டான். மூன்றிலும் ஒரே வாசகம்தான்.

‘கா. தேசப்பன் அவர்கள் மீது ஈடிலிஷியன் நடவடிக்கை எடுக்கப்படும். மறைத்து வைத்திருக்கும் உண்மையை ஊரறியச் சொல்லவும். வெள்ளிக்கிழமை வரை அவகாசம்.’

கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, அனுப்பியவர் பெயரும் இல்லை. கம்ப்யூட்டர் எழுத்து. மேலே லேமினேஷன் வேறு.

“மிரட்டல் கடுதாசிக்கு லேமினேஷன் போட்டவன இப்பதான் பாக்கறேன்,” என்றான் வால்டர். “நம்மாளுங்க ரேஷன் கார்டுக்கே யோசிப்பாங்கோ.”

ஜீனத் சிரிக்கவில்லை. ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் பதினோரு வருடமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள் அவள். அதற்கு முன்பு துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலை. எண்ணாமல் எதையும் நம்ப மாட்டாள், எண்ணிய பிறகும் பாதிதான் நம்புவாள். வால்டர் அவளுக்கு உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டி, டீ வாங்குபவன்; சம்பளம் வராத மாதங்களில் மட்டும் பங்குதாரர்.

“இது எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள் ஜீனத்.

“போட்டு மேலம்மா. மூக்காண்ட நைலான் கயித்துல கட்டித் தொங்க வுட்டுகீறான். மூணும் அப்டித்தான்.”

“படகுல ஆணி அடிக்கலையா? பசை போட்டு ஒட்டலையா?”

“சேச்சே! போன வாரம்தான் கல்யாணத்துக்காவ பெயிண்டு அடிச்சேன். சும்மா ஷோக்கா கீது. அதுல போய் எவனாவது பசையத் தடவுவானா?”

ஜீனத் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். கல்யாண விவரத்தைத் தேசப்பன் வந்து உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டிருந்தார். தேசப்பனுக்குக் காத்திவாக்கம் குப்பத்தில் சொந்தப் படகு. ஒரே மகன் திருமுருகன். திருவொற்றியூரில் பெரிய படகு முதலாளி சுப்பராயனின் மகள் பவானியை அவனுக்குப் பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தாலி. பெண்ணோடு புது விசைப்படகு ஒன்றும் வருகிறது. அதை மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு பத்து நாள் கடலிலேயே தங்கும் தங்கல் மீன்பிடிக்குப் போகவேண்டும் என்பது பேச்சு. இன்று புதன்.

“ஈடிலிஷியன்னா என்ன?” என்றாள் ஜீனத்.

“அது தெரிஞ்சா உங்கிட்ட ஏம்மா வரேன்? எவனோ பெரிய எடம். சீக்கிரம் கண்டுபுடிச்சி ஊருக்கு முன்னாடி போட்டு ஒடைச்சிரு. எதுவா இருந்தாலும் பரவால்ல, நீ சொல்லிடணும்.” தேசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஊர்ல வேற ஒரே பேஜாரா பூட்ச்சி.”

“என்னாச்சு?”

“அவுங்கோ இத்த புது பிராஜக்ட்டுனு நெனச்சிகினாங்கோ.”

குப்பத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த ஊருக்குள் இங்கிலீஷ் பெயரோடு நுழைந்தது எதுவும் இதுவரை நல்லதுக்கு நுழைந்ததில்லை. ஒன்று சாம்பல் கொண்டுவந்தது, ஒன்று எண்ணெய் கொண்டுவந்தது, இன்னொன்று கழிமுகத்தில் பாதியைத் தூர்த்துவிட்டு வேலை தருவதாகச் சொல்லி விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போனது. ஆகவே ஈடிலிஷியன் என்றதும் ஆளாளுக்கு அளந்தார்கள். கெமிக்கல் கம்பெனி என்றார் ஒருவர், இல்லை, கடலுக்கடியில் குழாய் என்றார் இன்னொருவர். நேற்று தாசில்தார் ஆபீசிலிருந்து ‘ஈடிலிஷியன் என்ற பெயரில் எந்தத் திட்டமும் பரிசீலனையில் இல்லை’ என்று அறிக்கை வந்தது. அதோடு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் தீர்ந்து, காலையிலிருந்து மறியல்.

“எங்க சம்பந்தியே மைக்கப் புடிச்சிகினு முன்னால நிக்கிறாரு,” என்றார் தேசப்பன் ஈனசுரத்தில். “எனக்காவ.”

அவர் படியிறங்கிப் போன பிறகும் ஜீனத் அந்த லேமினேஷனையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வால்டர், ஊர்ல யாருக்கும் தெரியாத வார்த்தையை வெச்சு ஒருத்தன் மிரட்டறான்னா, அந்த வார்த்தைதான் அவனோட விலாசம். கிளம்பு.”

“எங்கக்கா?”

“தேவகிருபை கிட்ட.”

வக்கீல் தேவகிருபை நாற்பது வருடமாகக் கப்பல் சிப்பந்திகளின் வழக்குகளை மட்டும் எடுத்து நடத்துகிறவர். சம்பளம் தராமல் நடுக்கடலில் விட்டுப்போன முதலாளி, அந்நிய ஊர் ஜெயிலில் சிக்கிய சமையல்காரன், இதெல்லாம் அவர் அலமாரியில் கட்டுக்கட்டாக இருக்கும். காத்திவாக்கத்துக் கேஸ் என்று சொல்லி ஜீனத் நீட்டிய நோட்டீஸைப் படித்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“காத்திவாக்கத்துல ஈடிலிஷியனா? கர்த்தரே! இதை எங்கேருந்துடா புடிச்சீங்க?”

“போட்டுல தொங்கிகினு இருந்திச்சி மேடம்,” என்றான் வால்டர். “இன்னா சாமான் அது? கெமிக்கலா?”

“அதிகாரிடா. பழைய ரோமாபுரியில ஈடைல்னு ஒரு அதிகாரி இருந்தான். லத்தீன்ல ஈடிஸ்னா வீடு, கோயில். கோயில் கட்டடத்தைப் பார்த்துக்கறவன்னுதான் அந்தப் பேரு வந்துச்சுனு சொல்றாங்க. அப்புறம் தெருவைப் பாரு, சாக்கடையைப் பாரு, சந்தையைப் பாரு, எடைக்கல்லைப் பாருன்னு எல்லா வேலையும் அவன் தலையில கட்டிட்டாங்க. திருவிழா வந்தா ஜனங்களுக்கு விளையாட்டுக் காட்டற பொறுப்பும் அவனுக்குத்தான்.”

வால்டர் விரல்விட்டு எண்ணினான். “கோயில் தர்மகர்த்தா, கார்ப்பரேஷன் ஏ.இ., எடை இன்ஸ்பெக்டரு, ஆடித் திருவிழா கமிட்டித் தலைவரு. நாலும் ஒரே ஆளு. மாமூல் எத்தினி வந்திருக்கும்!”

“அந்த ஈடைல் சம்பந்தப்பட்டது எதுவோ அது ஈடிலிஷியன். அவ்வளவுதான் அர்த்தம்.”

“அப்ப ஈடிலிஷியன் நடவடிக்கைன்னா?” என்றாள் ஜீனத்.

“அங்கதான் விஷயம் இருக்கு. சந்தையில அடிமையும் மாடும் விப்பாங்க இல்லையா? அதுல வர்ற தகராறுக்கெல்லாம் ஈடைல்தான் நாட்டாமை. அவன் ஒரு உத்தரவு போட்டான். விக்கறவன் தன் சரக்குல இருக்கற குறையைத் தானே வாயைத் திறந்து சொல்லணும். சீக்கு இருக்கா, ஓடிப்போற புத்தி இருக்கா, எல்லாம். மறைச்சு வித்தா வாங்கினவன் வழக்குப் போடலாம். அந்த வழக்குதான் இது.”

“நம்ம கோர்ட்டுல இது உண்டா?”

“நம்ம கோர்ட்டுல இந்தப் பேரைச் சொன்னா டவாலியே சிரிப்பான். டச்சுக்காரன் விட்டுட்டுப் போன சட்டம் நடக்கற ஊர்லதான் இன்னும் உயிரோட இருக்கு. தென்னாப்பிரிக்கா, இலங்கை. என் கட்சிக்காரங்களைக் கேட்டா டர்பன் துறைமுகத்துல கேள்விப்பட்டிருப்பாங்க.”

வெளியே வந்ததும் வால்டருக்கு உற்சாகம் பீறிட்டது. கேஸ் முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றினால் எப்போதும் இரண்டு பஜ்ஜி வாங்குவான். இப்போதும் வாங்கினான்.

“சிம்பிள்க்கா. தேசப்பன் எவனுக்கோ ஓட்டை சாமான வித்துகீறாரு. வாங்குனவன் டர்பனுக்குப் போய் வந்தவன். அவன்தான் கயித்துல கட்டித் தொங்க வுடறான்.”

ஜீனத் தேசப்பனுக்கு போன் போட்டாள். ஐந்து வருடத்தில் அவர் விற்றது மொத்தமே இரண்டு: ஒரு பழைய எஞ்சின், ஒரு ஆடு. எஞ்சின் வாங்கியவர் நன்றாக ஓடுகிறது என்று நன்றி சொன்னார். ஆட்டை வாங்கியவரும் குறை ஒன்றும் சொல்லவில்லை.

“ஆட்டுல கொற கீதானு பாக்க அவனுக்கு எங்க டைமு?” என்றான் வால்டர். “அன்னிக்கே பிரியாணி.”

“அப்ப வித்ததுல ஒண்ணுமில்ல,” என்றாள் ஜீனத். “ஸ்கூட்டரை எடு.”

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வாலும் தலையும் தெரியாமல் நின்றன. அவற்றுக்கிடையில் நெளிந்து நெளிந்து காத்திவாக்கம் வந்து சேர்வதற்குள் வால்டர் அறிந்த கெட்டவார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோய்ப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. சாலை நடுவே ஷாமியானா. ‘ஈடிலிஷியனே வெளியேறு’ என்று பேனர். அதில் யாரோ புகைபோக்கி வைத்த ஒரு ராட்சச நண்டின் படம் போட்டிருந்தார்கள். ஈடிலிஷியன் அப்படித்தான் இருக்கும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது போலும்.

ஜீனத் பந்தலுக்குப் போகவில்லை. ஓரமாக இருந்த டீக்கடைக்குப் போனாள்.

“அக்கா, இந்தக் குப்பத்துல டர்பனுக்குப் போய் வந்தவங்க யாராவது இருக்காங்களா? கப்பல் வேலைக்கு?”

டீக்கடை அம்மா டம்ளரைக் கழுவியபடியே சொன்னாள்: “வேற யாரு, தோ அந்த டர்பன்காரருதான். வாலிபத்துல ஆறு வருசம் கப்பல்ல இருந்துகீறாரு. இன்னிக்கும் எத்த வாங்குனாலும் ‘டர்பன்ல இப்டி இல்ல’னு ஆரம்பிச்சிருவாரு.”

“யாரு அந்த டர்பன்காரர்?”

“தேசப்பன். மாப்பிள வூட்டுக்காரரு.”

வால்டரின் டீ மூக்கில் ஏறியது.

“க்கா,” என்றான் இருமலுக்கு நடுவே. “நம்ம கட்சிக்காரரு அவருக்கு அவரே கடுதாசி போட்டுக்கினாரா? எதுக்கு? வூட்ல யாரும் மதிக்கலியா?”

“காலையிலயே எனக்கு சந்தேகம்,” என்றாள் ஜீனத். “மிரட்ட வந்தவன் ஆணி அடிப்பான், பசை தடவுவான், பெயிண்டுலயே எழுதுவான். இவன் பெயிண்டு கெட்டுப் போகக்கூடாதுன்னு நைலான் கயிறு தேடிக் கட்டியிருக்கான். அந்தப் படகு மேல இவ்வளவு பாசம் யாருக்கு இருக்கும்? அதோட, மிரட்டறவன் எவனாவது ‘தேசப்பன் அவர்கள்’னு மரியாதை குடுப்பானா? தன் பேரைத் தானே எழுதினாலும் ‘அவர்கள்’ போடாம அந்த மனுஷனுக்குக் கை ஓடல.”

“சரிக்கா, ஆனா வித்ததுலதான் ஒண்ணுமில்லியே?”

“விக்கப்போறது?”

வால்டர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

படகு மணலில் ஏற்றிவைக்கப்பட்டிருந்தது. அதன் மறுபக்கம் தேசப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிரீஸ் கையோடு ஓர் இளைஞன், வேறு யாருடைய எஞ்சினையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். தூரத்தில் ஒரு படகு வரும் சத்தம் கேட்டதும் நிமிராமலே, “பவுலு போட்டு. ரெண்டாவது இன்ஜெக்டர் அடைச்சிகினுகீது,” என்றான். அதுதான் மாப்பிள்ளை திருமுருகன்.

ஜீனத் நேராக விஷயத்துக்கு வந்தாள். “உங்க பையன்கிட்ட என்ன குறை, தேசப்பன்?”

தேசப்பன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மகனைப் பார்த்தார். மகன் ஸ்பானரைப் பார்த்தான்.

“கடலு ஒத்துக்காதும்மா அவனுக்கு,” என்றார் கடைசியில். “வாந்தி.”

“என்னிக்காவதா?”

“எப்பவும். முகத்துவாரம் தாண்டினா ஆரம்பிக்கும். கரைக்கு வந்தாத்தான் நிக்கும். சின்ன வயசுலேர்ந்து. நான் கூட்டிகினு போவேன், ஐஸ் பெட்டி பக்கத்துல படுத்துகினே வருவான். கூட வர்ற மூணு பேருக்கும் தெரியும், சத்தியம் வாங்கிகீறேன். கடல்ல வாந்தி எடுக்கற மீனவன்னு ஒரு பேரு வுழுந்துச்சினா நாலு தலைமொறைக்குப் போவாது.”

கடலோர ஊரில் மாப்பிள்ளையைப் பற்றி எல்லாம் விசாரிப்பார்கள். குடி உண்டா, கடன் உண்டா, வேறு சகவாசம் உண்டா என்று மூன்று குப்பம் தாண்டி ஆள்விட்டுக் கேட்பார்கள். கடல் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் எவரும் கேட்டதில்லை. மீனைப் பார்த்து நீந்தத் தெரியுமா என்று யார் கேட்பார்கள்? சுப்பராயனும் கேட்கவில்லை. கேட்காததற்கும் சேர்த்து தேசப்பன் பதில் சொல்லியிருந்தார்: நிச்சயதார்த்தத்தில், இரண்டு குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கும் முன்னால், கற்பூரம் அணைத்து, ‘எம்புள்ள பத்து நாளு இல்ல, இருவது நாளு தங்குவான்.’

“சந்தோசத்துல வாயில வந்துட்ச்சி,” என்றார். “பஞ்சாயத்துல கற்பூரத்து மேல சொன்ன சொல்ல, சொன்னவனே திரும்ப எடுத்தா ஊர்க் கட்டு வுழும். ஒரு வருசத்துக்கு அந்த வூட்டுப் போட்டத் தண்ணில தள்ள எவனும் கை குடுக்க மாட்டான். தனியாளா இந்தப் போட்ட நான் எப்டிம்மா தள்ளுவேன்?”

“அதனால நாங்க கண்டுபிடிச்சு உடைக்கணும். நீங்க ‘ஐயோ, எனக்கே தெரியாதே’ன்னு நெஞ்சில அடிச்சுக்கணும். கட்டும் விழாது, கல்யாணமும் கௌரவமா நின்னுபோகும்.”

“டர்பன்ல நான் வாங்குன பாட்டுப் பெட்டி மூணாம் நாளே பூட்ச்சி, கேசு போட்டேன். கோர்ட்டுல அந்த ஜட்ஜம்மா ஈடிலிஷியன்னு ஒரு வார்த்த சொன்னாங்கோ பாரு, வித்தவன் மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சி. அவ்ளோ பவரு. அத்தப் போட்டா யாராவது பெரிய எடத்துக் கேசுனு நெனப்பாங்கனு போட்டேன். இவுங்கோ ரோட்ட மறிப்பாங்கனு யாருக்குத் தெரியும்?”

“ரோமாபுரிக்காரன் கேட்டா ரத்தக்கண்ணீர் வடிப்பான்,” என்றான் வால்டர்.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. சுப்பராயனின் குரல் மணல்வரை வந்தது.

“நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு அறுவது போட்டு! கறுப்புக் கொடி! கடலுக்குள்ள போய் ஈடிலிஷியன வழிமறிக்கப் போறோம்! முன்னால போற போட்ட ஓட்டப் போறது யாரு? எம் மருமவன் திருமுருகன்!”

கைதட்டல். விசில். திருமுருகன் ஸ்பானரைக் கீழே போட்டான். கரையில், கெட்டியான மணலில் நின்றபடியே அவனுக்குக் குமட்டியது.

“சொல்லிடும்மா,” என்று தேசப்பன் ஜீனத்தின் முன்னால் கைகூப்பினார். “இப்பவே போய் சொல்லிடு. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

வால்டருக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஜீனத்துக்கும் இருந்திருக்க வேண்டும்; ஆனால் அவள் அசையவில்லை.

“நீங்க கொண்டுவந்த சட்டத்துல குறையைச் சொல்ல வேண்டியது நான் இல்ல, தேசப்பன். விக்கறவரு. நாளைக்கு அறுபது படகுக்கு முன்னால உங்க பையனே சொல்லாம சொல்லிடுவான். அது உங்களுக்குப் பரவாயில்லையா?”

தேசப்பன் மகனைப் பார்த்தார். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு குனிந்து நின்றான். இருபத்தாறு வருடமாக அவன் ஒரு தடவைகூட ‘வரமாட்டேன்’ என்று சொன்னதில்லை என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலை நோக்கி நடந்தார். மூன்று பேரும் பின்னால் போனார்கள்.

மைக்கை வாங்கியதும் அவர் சுற்றி வளைக்கவில்லை. நோட்டீஸ் போட்டது நான்தான் என்றார். ஈடிலிஷியன் ஒரு பிராஜக்ட் இல்லை என்றார்; ஜீனத் எடுத்துக்கொடுக்க, பழைய காலத்துச் சந்தை அதிகாரியின் சட்டம் என்றார். கற்பூரத்தின்மேல் சொன்னது பொய், மகனுக்குக் கடல் ஒத்துக்காது, வாந்தி எடுப்பான் என்றார். லாரி டிரைவர்கள்கூட ஹாரனை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

“அப்ப பிராஜக்ட் இல்லியா?” என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார், மிகுந்த ஏமாற்றத்தோடு. நண்டுப் படத்தை வரைந்தவர் அவர்தான்.

நாட்டாண்மைக்காரர் தொண்டையைச் செருமினார். சொன்ன சொல்லை எடுத்ததால் தேசப்பன் வீட்டுக்கு ஒரு வருடம் ஊர்க் கட்டு என்றார். தேசப்பன் தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டார். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் காலையில் ராயபுரத்தில் பார்த்த நடுக்கம் இல்லை.

சுப்பராயன்தான் வெடித்தார். “எங்கள இன்னா கேனப்பசங்கனு நெனச்சியா? ஏய் பவானி, கெளம்பு! இந்தக் கல்யாணம் கெடையாது!”

பெண்கள் பக்கத்திலிருந்து பவானி எழுந்தாள். காசிமேட்டு ஏலத்தில் அப்பாவின் மீனை அவள்தான் விற்கிறாள். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை.

“இரு நைனா.” அவள் ஜீனத்திடம் வந்தாள். “நீங்கதான அந்த சட்டத்தப் பத்தி விசாரிச்சவங்கோ? கொறைய இப்ப சொல்லிட்டாரு. வாங்கறவங்களுக்கு அதுல இன்னா வழி கீது?”

“சரக்கைத் திருப்பி அனுப்பிடலாம்,” என்றாள் ஜீனத். தேவகிருபையிடம் அதையும் கேட்டு வைத்திருந்தாள். “இல்லைன்னா, விலையைக் குறைச்சுக்கிட்டு வெச்சுக்கலாம்.”

பவானி கொஞ்ச நேரம் யோசித்தாள். நல்ல வஞ்சிரத்துக்கு ஏலம் ஏறும்போது யோசிக்கிற யோசனை அது.

“கொறைச்சிக்கினு எடுத்துக்கறேன்,” என்றாள். “புதுப் போட்டு இவரு பேர்ல வேணாம் நைனா, எம் பேர்ல எழுது. ஓட்டறதுக்கு ஆள நான் போட்டுக்கறேன். எஞ்சின இவரு கரையில இருந்து பாத்துக்கட்டும். இந்தப் பக்கத்துல இவரவுட்டா எஞ்சினுக்கு வேற ஆளு எவன் கீறான்?”

சுப்பராயன் மகளைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எறால் வெலைக்குச் சுறாவையே அடிச்சிட்டாக்கா,” என்று முணுமுணுத்தான் வால்டர்.

பவானி தேசப்பனின் கையிலிருந்த மைக்கை வாங்கித் திருமுருகனிடம் நீட்டினாள்.

“இத்தினி நேரம் உன்னப் பத்தி அல்லாரும் பேசிட்டாங்கோ. நீ சாமான் இல்ல, உனக்கு வாய் கீது. வேற எதுனா கொறை இருந்தா நீயே சொல்லிடு. அப்பால வந்து தெரிஞ்சா சும்மா வுட மாட்டேன்.”

அவன் கிரீஸ் கையால் மைக்கைப் பிடித்தான். அப்பாவைப் பார்த்தான், பந்தலைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

“கீது,” என்றான். ஒலிபெருக்கி அதைச் சாலை முழுக்கக் கொண்டுபோனது. “எங்கப்பா முன்னாடி எனக்கு வாயத் தொறந்து பேச வராது.”

“இப்ப பேசிட்டியே,” என்றாள் பவானி.